கடிகார முகமும் நூற்குற்றமும்

அழகு வேறு, பயன் வேறு என்று கொள்வாரும், பயனில்லாதது அழகாகாது என்று கொள்வாரும் எக்காலத்தும் உளர். இவ்விரு சாராரும் வாதிடுதற்குக் கட்டடங்களும் ஆடைகளும் மேடைப் பேச்சுகளும் நெடுங்காலமாக இடங்கொடுத்து வந்துள்ளன. யாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அவற்றினும் மிகச் சிறிய பொருள், உள்ளங்கையில் அடங்குவது, நாற்பது மில்லிமீற்றர் அளவே அகலமுள்ளது. குரோனோகிராப் எனப்படும் விலையுயர்ந்த கைக்கடிகாரமே அப்பொருள். விழாக்காலங்களிற் கல்லூரிக்கு வரும் பழைய மாணவர் சிலரின் மணிக்கட்டில் இதனைக் காணலாம். இளைய மாணவரும் அதனை வியந்து நோக்குகின்றனர். வியத்தல் தவறன்று. எதனை வியக்கின்றோம் என்று அறிந்து வியத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து.

தமிழ் கற்பிப்போர்க்குக் கடிகாரத்தில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். கடிகாரத்தைப் பழுதுபார்க்கப் புகுந்தோமாயின் அவ்வினா பொருந்தும். அதன் முகமோ படிப்பதற்கென்றே ஆக்கப்பட்ட ஓர் ஏடு. எண்களும் கோடுகளும் முட்களும் அவ்வேட்டின் எழுத்துகள். அதனை ஒருவரும் ஆறியமர்ந்து படிப்பதில்லை. ஒரு கண்வீச்சிற் பொருள்கொண்டு மீள்கின்றனர். அத்தகைய ஏட்டுக்கும் குணமும் குற்றமும் உண்டு. நூலுக்குரிய அழகு பத்தினையும் குற்றம் பத்தினையும் பவணந்தி முனிவர் நன்னூலிலே வகுத்துத் தந்துள்ளார். மிகைபடக் கூறல், குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல், நின்று பயனின்மை முதலாய குற்றப் பெயர்கள் எமது மாணவர்க்கு மனப்பாடம். அவற்றைப் பரீட்சைத் தாளோடு விட்டுவிடாது கண்முன்னே உள்ள ஒரு பொருளிற் பொருத்திப் பார்ப்போம்.

குரோனோகிராப் என்னும் சொல் கிரேக்க மொழியிற் பிறந்தது. காலம் என்பது அதன் ஒரு பகுதி. எழுதுதல் என்பது மறு பகுதி. இப்பெயர் வெறும் அலங்காரமாக வந்ததன்று. 1821 இல் பாரிசு நகரத்துச் சாம்ப் டி மார்ஸ் வெளியில் நடைபெற்ற குதிரைப் பந்தயத்திலே நிக்கோலா மத்தியூ ரியூசெக் என்னும் கடிகாரத் தொழில் வல்லுநர் தமது கருவியைப் பயன்படுத்தினார். குதிரை எல்லையைக் கடந்த கணத்திலே அக்கருவி சுழலும் தட்டின்மீது மைப்புள்ளி ஒன்றை இட்டது. காலத்தை அது மெய்யாகவே எழுதியது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1816 இல், லூயி முவானே என்பார் வான்பொருள்களை நோக்குதற்குத் துணையாக, ஒரு செக்கனில் அறுபதிலொரு பங்கை அளக்கும் கருவியை ஆக்கியிருந்தார். ஒன்று பந்தயத் திடலுக்காகப் பிறந்தது. மற்றையது தொலைநோக்கியின் அருகிருப்பதற்காகப் பிறந்தது. இரண்டிலும் தேவை முன் நின்றது. உருவம் அதன் பின்னே வந்தது.

செக்கன் என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகவும், ஒரு நாழிகையை அறுபது விநாடியாகவும் பகுத்தனர். அவ்வளவின்படி ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு விநாடி 24 செக்கன். தமிழகத்தார் இன்று விநாடி என்பதையே செக்கன் என்னும் பொருளில் வழங்குகின்றனர். மயக்கம் நேராதிருத்தற்பொருட்டு, ஈழநாட்டு வழக்கின்படி யாம் செக்கன் என்றே எழுதுவோம்.

இனி, கடிகாரத்தின் உறுப்புகளைப் பார்ப்போம். நடுவிலுள்ள நீண்ட மெல்லிய முள் அசையாது நிற்பதைக் கண்டு கடிகாரம் நின்றுவிட்டது என்று எண்ணுவாருளர். அம்முள் நிறுத்தற் கடிகாரத்துக்குரியது; பொத்தானை அழுத்தினாலன்றி ஓடாது. வழக்கமான நேரத்தின் செக்கனை முகத்துள் அடங்கிய சிறுவட்டம் ஒன்று காட்டும். ஏனைய சிறுவட்டங்கள் கழிந்த நிமிடங்களையும் மணித்தியாலங்களையும் எண்ணும். பக்கத்திலே இரு பொத்தான்கள் உள. மேலது முள்ளை ஓட்டவும் நிறுத்தவும் உதவும். கீழது முள்ளைத் தொடக்கத்துக்கு மீட்கும். முள் எவ்விடத்தில் நின்றாலும் ஒரே தாவலில் மேலே மீள்வது, 1844 இல் அடோல்ப் நிக்கோல் என்பார் காப்புரிமை பெற்ற இதயவடிவத் தட்டின் செயல். அத்தட்டின் விளிம்பை ஒரு நெம்பு அழுத்தியதும், தட்டு தானே திரும்பித் தன் தாழ்ந்த பக்கத்தைக் காட்டி நிற்கும். முள்ளும் அதனோடு தொடக்கத்துக்கு வந்துவிடும்.

தொடக்ககாலக் கைக்கடிகாரங்களில் ஒரே பொத்தானே இருந்தது. ஓட்டல், நிறுத்தல், மீட்டல் என்னும் மூன்றும் அவ்வரிசையிலேயே நிகழும். இடையில் நிறுத்திய எண்ணிக்கையைத் தொடர வழியில்லை. 1923 இல் பிரைட்லிங் நிறுவனத்தார் ஓட்டி நிறுத்தும் வேலையை மீட்டும் வேலையினின்று பிரித்தனர். 1934 இல் மீட்டலுக்கெனத் தனிப் பொத்தான் ஒன்றையே வைத்தனர். ஆட்டம் தடைப்படும்போது நிறுத்தி, மீண்டும் தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து எண்ணுதல் எளிதாயிற்று. ஓர் உறுப்புக் கூடியது உண்மை. எனினும் புதிய பயனொன்றைக் கொணர்ந்த உறுப்பு மிகையாகாது. மிகை எது, தேவை எது என்பதை உறுப்புகளின் தொகையைக் கொண்டு தீர்மானித்தலாகாது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

முகத்தின் விளிம்பைச் சுற்றி எழுதப்படும் அளவுகோல்களும் இவ்வாறே தேவையினால் வந்தவை. வேக அளவுகோல் ஒன்று. ஒரு கிலோமீற்றர் தூரத்தை மோட்டார் வண்டி 45 செக்கனிற் கடப்பின், முள் நிற்குமிடத்தில் 80 என்னும் எண் இருக்கும். மணித்தியாலத்துக்கு 80 கிலோமீற்றர் என்பது பொருள். 3,600 ஐ 45 ஆல் வகுத்த ஈவே அவ்வெண். தூர அளவுகோல் மற்றொன்று. மின்னலைக் கண்டவுடன் ஓட்டி, இடியைக் கேட்டவுடன் நிறுத்தினால், ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும் என்னும் கணக்கின்படி தூரம் தெரியும். ஆறு செக்கன் எனின் இரண்டு கிலோமீற்றருக்குச் சற்றே மேல். பீரங்கிப் படையினருக்கு இது பெரிதும் பயன்பட்டது. மூன்றாவது, மருத்துவர்க்குரிய நாடி அளவுகோல். முப்பது துடிப்பை எண்ணி நிறுத்தினால், ஒரு நிமிடத்துக்குரிய துடிப்பின் தொகையை முள் காட்டும். முப்பது துடிப்புக்கு 25 செக்கன் சென்றால் நிமிடத்துக்கு 72 துடிப்பு. ஓட்டுநர், படைவீரர், மருத்துவர் என்னும் மூவருக்கும் மூன்று முகங்கள். அவரவர்க்கு வேண்டியது அவரவர் முகத்தில் இருந்தது. சுருங்கச் சொல்லல் என்னும் அழகு இதுவே.

பிரைட்லிங் நிறுவனத்தின் நவிடைமர் என்னும் கடிகாரம் 1952 இல் வானோடிகளுக்கென வெளிவந்தது. வட்டமான கணிப்பு அளவுகோல் அதன் விளிம்பில் அமைந்துள்ளது. வளையத்தைத் திருப்பிப் பெருக்கலும் வகுத்தலும் செய்யலாம். எரிபொருட் செலவையும் செல்லும் தூரத்தையும் கணிக்கலாம். அம்முகம் பொடி எழுத்து நிறைந்தது. புதியவர்க்குக் காடு போலத் தோன்றும். அதனை மிகைபடக் கூறல் என்று உடனே ஒதுக்குதல் முறையன்று. அக்காலத்து வானோடிக்கு மின்கணிப்பான் இல்லை. கணிப்பு அளவுகோலிற் பயிற்சியோ உண்டு. கற்றவர்க்கென எழுதிய நூல் செறிவாயிருத்தல் குற்றமன்று. கல்லாதவர் அதனை அணியாக மட்டும் பூணும்போதே எழுத்தெல்லாம் கோலமாகி விடுகின்றது.

தெளிவில்லாத முகத்தால் விளையும் தீமையைத் தாமே அனுபவித்து அறிந்தவர் ஜாக் ஹோயர். கடிகாரம் செய்யும் ஹோயர் குடும்பத்தில் வந்த அவர், 1958 இல் சுவிற்சர்லாந்திலே நடந்த மோட்டார்ப் போட்டி ஒன்றில் வழிகாட்டியாக அமர்ந்து சென்றார். வண்டியிற் பொருத்தப்பட்டிருந்தது அவர்தம் நிறுவனமே செய்த நேரங்கணிக்கும் கருவி. ஓடும் வண்டியின் குலுக்கத்திலே அதன் முகத்தை ஒரு நிமிடம் பிழைபடப் படித்தார். முதலிடம் பெறவேண்டிய வண்டி மூன்றாமிடம் பெற்றது. அவர் தம் கண்ணை நொந்து அமைதி கொள்ளவில்லை. கருவியின் முகத்தையே குற்றவாளியாகக் கொண்டார். 1963 இல் அவர் வடிவமைத்த கரேரா என்னும் கைக்கடிகாரத்திலே முகம் பெரும்பாலும் வெறுமையாயிருந்தது. செக்கனின் ஐந்திலொரு பங்கைக் காட்டும் கோடுகளை முகத்தினின்று எடுத்து, கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கும் உள்வளையத்தின்மேல் எழுதினார். சொல்ல வேண்டியது ஒன்றும் குறையவில்லை. நெருக்கம் மட்டும் குறைந்தது. விளங்க வைத்தல் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை யாம் அறியோம்.

1957 இல் வெளிவந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரும் இவ்வழியிற் சென்றதே. வேக அளவுகோலை முகத்தினின்று பெயர்த்து வெளிவளையத்துக்கு அனுப்பியது அது. கறுப்பு முகம்; வெண்மையான நேர்முட்கள் பின்னர் வந்து சேர்ந்தன. மோட்டார் ஓட்டுநர்க்கென ஆக்கப்பட்ட அதனை, அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா கடுமையாகச் சோதித்தது. 93 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பம், உறைநிலைக்குக் கீழ் 18 பாகைக் குளிர், அதிர்ச்சி, ஈரம், வெற்றிடம் முதலிய சோதனைகளில், உடன் சோதிக்கப்பட்ட பிற நிறுவனக் கடிகாரங்கள் தவற, இது தேறியது. 1965 மார்ச் மாதத்தில் விண்வெளிப் பயணத்துக்கு ஏற்கப்பட்டது. 1969 யூலையில் சந்திரனில் இறங்கியபோது, இறங்குகலத்தின் மின்கடிகாரம் பழுதுற்றமையால் ஆம்ஸ்றோங் தமது கைக்கடிகாரத்தைக் கலத்துள்ளே விட்டு வெளியேறினார். ஓல்டிறின் தம்முடையதை விண்ணுடையின் மேல் அணிந்து நடந்தார். 1970 ஏப்ரிலில் அப்பலோ 13 கலம் பழுதுற்று, மின்சாரத்தைச் சேமிக்கக் கருவிகள் அணைக்கப்பட்டிருந்த நிலையிலே, பாதையைத் திருத்துதற்கு 14 செக்கன் நேரம் பொறியை எரிக்கவேண்டியிருந்தது. அப்பதினான்கு செக்கனை அளந்தது மணிக்கட்டில் இருந்த இக்கடிகாரமே. மூவர் உயிர் அத்திருத்தத்தில் தங்கியிருந்தது. முகத்தில் ஒரு மயக்கம் இருந்திருப்பின் என்னாகும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அக்கடிகாரத்தின் கண்ணாடியும் கருதத்தக்கது. அது கண்ணாடியன்று, அக்கிரிலிக் என்னும் பிளாத்திக்கு வகை. எளிதிற் கீறுபடும், ஆனால் உடைந்து சிதறாது. விண்கலத்தினுள்ளே கண்ணாடித் துகள் மிதக்குமாயின் கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு. ஆதலின் கீறலை ஏற்றுச் சிதறலைத் தவிர்த்தனர். இன்று நீலக்கற் கண்ணாடி பொருத்திய வகையும் விற்கப்படுகின்றது. அது கீறுபடாது, விலை மிகுதி. எனினும் பழைய பிளாத்திக்கு வகையை விரும்பி வாங்குவோர் இன்றும் உளர். விலை குறைந்த பொருளே தன் தொழிலுக்கு ஏற்ற பொருளாயிருத்தலும் கூடும் என்பதை அவர் அறிந்தவர்.

புகழ் பெற்றது என்பதனாற் குற்றம் இல்லாததாகிவிடாது. பொறிக்கடிகாரத்தின் முள் வழுக்கிச் செல்வது போலத் தோன்றினும் உண்மையிற் சிறு தாவல்களாகவே செல்கின்றது. மணித்தியாலத்துக்கு 18,000 அடி அடிக்கும் பொறியிலே செக்கனுக்கு ஐந்து தாவல். ஸ்பீட்மாஸ்டரின் முதற்பொறி அத்தகையது. முகத்திலும் செக்கன் ஐந்தாகவே பகுக்கப்பட்டிருந்தது. 1968 இல் பொறி மாறி, அடி 21,600 ஆயிற்று. செக்கனுக்கு ஆறு தாவல். முகத்திலோ ஐந்தின் கோடுகளே நீடித்தன. நெஞ்சு ஆறு சொல்ல முகம் ஐந்து சொல்லியது. மாறுகொளக் கூறல் என்று நன்னூலார் கூறியது இதுவன்றோ? 2021 இல் வந்த புதிய பொறியோடுதான் செக்கன் மூன்றாகப் பகுக்கப்பட்டு, இரு தாவலுக்கு ஒரு கோடு என்று முகமும் நெஞ்சும் ஒத்தன. பிழையைக் களைய அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அந்நெடுங்காலத்தும் அணிந்தவருள் மிகச் சிலரே அதனை உணர்ந்திருப்பர் எனின், எத்தனைபேர் அக்கோடுகளை உண்மையிற் படித்தனர் என்னும் கேள்வி எழுகின்றது.

நுட்பத்தைப் படிக்கத்தக்கதாகச் செய்தலும் வடிவமைப்பவர் கடனே. செனித் நிறுவனத்தாரின் எல் பிரிமேரோ என்னும் பொறி 1969 இல் வந்தது. மணித்தியாலத்துக்கு 36,000 அடி. செக்கனுக்குப் பத்துத் தாவல். ஆனால் ஒரு சுற்றுக்கு அறுபது செக்கன் எனின், முகத்தைச் சுற்றி 600 இடங்கள் வேண்டும். 36 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் அவ்வாறு கோடிட்டால், கோட்டுக்குக் கோடு இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்குதானும் வராது. எக்கண் அதனைப் படிக்கும்? பொறிக்கு இருந்த நுட்பம் படிப்பவனை அடையவில்லை. 2010 இல் அந்நிறுவனத்தார் பத்துச் செக்கனுக்கு ஒரு முறை சுற்றும் நடுமுள்ளை அமைத்த கடிகாரத்தை வெளியிட்டனர். இடைவெளி ஆறு மடங்காகப் பெருகியது. பத்திலொரு பங்கு கண்ணுக்குப் புலனாயிற்று. கற்றது பெரிதன்று, கேட்போர்க்கு எட்டச் சொல்லுதல் பெரிது என்பதை ஆசிரியத் தொழில் செய்வோர் நன்கறிவர்.

இன்று விலையுயர்ந்த குரோனோகிராப்புகள் பலவற்றிற் காணப்படும் குற்றங்கள் இவற்றினும் வெளிப்படையானவை. வெள்ளி நிற முகத்தில் வெள்ளி நிற முட்களை வைக்கின்றனர். வெயிலில் இரண்டும் ஒருங்கே மின்ன, முள் எது முகம் எது என்று தோன்றாது. உள்ளுறுப்புகள் தெரியும்படி முகத்தையே குடைந்து எடுக்கின்றனர். பற்சில்லுகளின் நடுவே முள்ளைத் தேடவேண்டியிருக்கின்றது. இவை மயங்க வைத்தல். எண்களின் மேற் சிறுவட்டத்தை ஏற்றி, எட்டினைப் பாதியாகவும் நான்கினைக் காலாகவும் வெட்டுகின்றனர். இது குன்றக் கூறல். வேக அளவுகோலை எல்லாக் கடிகாரத்திலும் பொறிக்கின்றனர். தூரக்கல்லைப் பார்த்து அதனைப் பயன்படுத்துவார் அரியர். இது நின்று பயனின்மை. அன்றாட வாழ்விலே அடுப்பில் வைத்த பொருளுக்கும் பரீட்சை எழுதும் மாணவர்க்கும் வேண்டுவது நிமிடக் கணக்கு. அந்நிமிடத்தை எண்ணும் வட்டமோ முகத்திலே மிகச் சிறிதாய் ஒதுங்கியிருக்கின்றது. எவ்வளவு செக்கன் என்பதைத் தூரத்திலிருந்தும் காணலாம். எவ்வளவு நிமிடம் என்பதைக் கண்ணருகே கொணர்ந்தாலும் துணிதல் அரிது.

இக்குறையை நீக்கவல்ல பொறி இல்லாமலில்லை. லெமானியா 5100 என்னும் பொறியிலே நிமிடத்தை எண்ணும் முள்ளும் நடுவிலேயே இருந்து முகம் முழுவதையும் சுற்றியது. 1980களில் மேற்கு ஜேர்மனியின் வான்படை வலவர்க்கு அளிக்கப்பட்ட டியூட்டிமா கடிகாரத்தில் அதுவே இருந்தது. கையுறையோடு அழுத்தத்தக்க அகன்ற பொத்தான்களும் இருந்தன. அப்பொறியில் அச்சில் வெட்டிய தகட்டுறுப்புகளும் பிளாத்திக்குப் பாகங்களும் இருந்தமையால் நயம் பார்ப்போர் அதனைத் தாழ்வாக மதித்தனர். வானத்தில் விரைவோர்க்கோ அது கண்ணாயிருந்தது.

ரொலெக்ஸ் டேட்டோனாவைக் கூறாது இப்பொருளை முடித்தல் ஆகாது. 1963 இல் வந்த அக்கடிகாரம் மோட்டார்ப் பந்தயத்துக்கென ஆக்கப்பட்டது. 1965 அளவில் அதன் பொத்தான்களுக்குப் புரியிட்ட காப்பு வந்தது. நீர் புகாதிருத்தற்கு இது நல்ல ஏற்பாடு. நீரினுள்ளே தவறிப் பொத்தான் அழுந்துவதையும் தடுக்கும். ஆனால் நேரம் அளக்க விரும்புவோர் முதலிற் புரியைத் தளர்த்தல் வேண்டும். அளந்தபின் மீண்டும் இறுக்குதல் வேண்டும். எதிர்பாராது ஓடத் தொடங்கும் ஒன்றை அளத்தற்கு அது காத்திராது. நூறு மீற்றர் ஓட்டம் புரியைத் தளர்த்துமுன்னரே முடிந்துவிடலாம். நீர்க்காப்பு வேண்டுமா, விரைவு வேண்டுமா என்னும் தேர்வு இங்கே நேர்ந்துள்ளது. இரண்டும் நியாயமானவையே. குற்றம் தேர்ந்தவரிடம் இல்லை. எதனைக் கொடுத்து எதனைப் பெற்றோம் என்று வினவாது வாங்குவோரிடத்திலேயே உள்ளது. நடிகர் போல் நியூமன் அணிந்த டேட்டோனா ஒன்று 2017 ஒக்டோபரில் நியூயோர்க்கில் ஒரு கோடியே எழுபத்தேழு இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. அவ்விலை அணிந்தவரின் புகழுக்கு உரியது. அளக்கும் திறத்துக்கு உரியதன்று.

இவ்விடத்து மறுப்பொன்று எழும். 'இக்கடிகாரங்களை எவரும் நேரம் அளக்க வாங்குவதில்லை. கைத்தொலைபேசியும் மலிவான மின்கடிகாரமும் அவ்வேலையை இவற்றினும் செம்மையாகச் செய்கின்றன. இவை அணிகலன்கள். மோதிரத்தை எவரேனும் பயன் கேட்பாருளரா?' என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு; யாம் அதனை மறைக்கவில்லை. ஆயினும் மோதிரம் தன்மீது அளவுகோல் எழுதிக்கொள்வதில்லை. அளக்கிறேன் என்று அது எவர்க்கும் வாக்களிப்பதில்லை. குரோனோகிராப்போ தன் முகத்திலே கோடும் எண்ணும் எழுதி, பக்கத்திலே பொத்தானும் வைத்து, அளக்கவல்லேன் என்று சொல்லி நிற்கின்றது. சொன்னதைச் செய்யாவிடின் அது அணிகலனும் ஆகாது, கருவியும் ஆகாது; கருவியின் வேடம் பூண்ட ஒன்றாகவே எஞ்சும். அணிகலனாகவே இருக்க விரும்பின் கோடுகளை அழித்துவிட்டு அழகாக இருக்கட்டும். அதனை யாம் குறைகூறோம்.

செல்வப் பொருளெல்லாம் வீண் என்பதும் எமது கருத்தன்று. விரலுக்கும் கண்ணுக்கும் எட்டும் செலவு நற்செலவே. தூண்போன்ற பற்சில்லு ஒன்று ஆணைகளைப் பகிர்ந்தளிக்கும் பொறியிலே பொத்தான் மெத்தென அழுந்தும்; எவ்வளவு அழுத்தவேண்டும் என்று விரல் ஐயுறாது. சில்லுகள் பக்கவாட்டிற் பல்லோடு பல் பொருந்தும் பொறியில் முள் புறப்படும்போது சற்றே துள்ளுவதுண்டு. மேலும் கீழுமாகத் தழுவிப் பொருந்தும் அமைப்பில் அத்துள்ளல் இல்லை. இவ்விரு நலன்களும் 1969 இல் யப்பானிய செய்க்கோ நிறுவனத்தின் 6139 என்னும் பொறியிலேயே ஒருங்கிருந்தன என்பதும், அக்கடிகாரம் பெருஞ்செல்வர்க்கென ஆக்கப்பட்டதன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன. 1973 இல் ஸ்கைலாப் விண்கூடத்துக்குச் சென்ற வில்லியம் போக் தமக்குச் சொந்தமான அவ்வகைக் கடிகாரம் ஒன்றையே உடன் கொண்டு சென்றார். நலன் விலையோடு ஒட்டியே வரும் என்னும் நம்பிக்கைக்கு இஃதொரு நல்ல விடை.

சிறிய கடிகாரத்தைப் பற்றி இத்துணை விரித்தது ஏன் எனின், நம் மாணவர் எதனை மதிக்கக் கற்கின்றனர் என்பதே எமக்குக் கவலை தருவது. விலையை மட்டும் மதிக்கக் கற்ற மாணவன் நாளை மருத்துவனாயினும் பொறியியலாளனாயினும் ஆசிரியனாயினும் தன் தொழிலின் முகத்தை அலங்கரிப்பதிலேயே முனைவான். பாலத்தின் பெயர்ப்பலகை பளபளக்கும், பாலம் நடுங்கும். வினைத்திறத்தை மதிக்கக் கற்றவனோ, யார் இதனைப் பயன்படுத்துவார், எந்நேரத்தில், எந்நிலையில் என்னும் மூன்று வினாக்களைக் கேட்டே எதனையும் ஆக்குவான். குலுங்கும் வண்டியில் இருந்தவருக்காகவும், இருளிற் சென்றவருக்காகவும், தடித்த கையுறை அணிந்தவருக்காகவும் எண்ணிச் செய்த கடிகாரங்களே நெடுங்காலம் நின்றன.

யூபிலி விழாவை ஒட்டிக் கல்லூரிக்கு அன்பளிப்புச் செய்ய முன்வரும் பழைய மாணவரும் இம்மூன்று வினாக்களைக் கேட்பாராக. கொடையாளர் பெயரைத் தாங்கும் கல்வெட்டின் அழகினும், மாணவன் கை எளிதில் எட்டும் நூலடுக்கு மேலானது. கண்ணாடி அலுமாரியிற் பூட்டப்பட்ட கருவியினும், நாள்தோறும் கைபட்டுத் தேய்ந்த கருவி மேலானது. விளையாட்டுப் போட்டியில் நேரங்குறிப்போர் துப்பாக்கியின் ஒலியைக் கேட்டன்று, புகையைக் கண்டே கடிகாரத்தை ஓட்டுவது ஏன் என்று ஒரு மாணவனை வினவிப் பாருங்கள். நூறு மீற்றரைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய ஒரு செக்கனில் பத்தில் மூன்று பங்கு வேண்டும் என்பதை அவன் தானே கண்டுபிடிப்பானாயின், தூர அளவுகோலின் தத்துவம் முழுவதும் அவனுக்கு விளங்கிவிட்டது.

விலைமிக்க குரோனோகிராப்பை அணிந்து விழாவுக்கு வரும் அன்பர்கட்கும் எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. மாணவர் அதனை வியந்து நோக்குங்கால் விலையைக் கூறாதீர்கள். கழற்றி அவர் கையிற் கொடுங்கள். நாடியைத் தொட்டு முப்பது துடிப்பை எண்ணச் சொல்லி, மேற்பொத்தானை அழுத்தவும் நிறுத்தவும் கற்பியுங்கள். நாடி அளவுகோல் முகத்தில் இல்லையாயின், 1,800 ஐச் செக்கன் தொகையால் வகுக்கச் சொல்லுங்கள். தன் இதயத்தின் கணக்கைத் தானே அளந்தறிந்த மாணவன் அக்கடிகாரத்தை உண்மையிற் கண்டவனாவான். அதனை ஆக்கியோரின் உழைப்புக்கும் அதுவே உரிய மதிப்பாகும்.